ஐந்தாம் லைனில் புகை இல்லை

உள்ளே வாருங்கள் அக்கா. குனிந்து வாருங்கள், நிலை தலையில் இடிக்கும். அந்த முக்காலியில் உட்காருங்கள், அதுதான் ஆடாது. சிஸ்டர் என்று கூப்பிட வேண்டுமா, அக்கா என்று கூப்பிடலாமா? அக்கா என்றே சொல்கிறேன். சிஸ்டர் என்றால் ஊசி ஞாபகம் வந்து எனக்கு வாய் கட்டிக்கொள்ளும்.

கதவைச் சாத்திவிடுகிறேன், தப்பாக நினைக்காதீர்கள். கார்த்திகை இன்னும் பிறக்கவில்லை, அதற்குள் பனி இறங்கிவிட்டது. எனக்கு எட்டாம் மாதம் வேறு. மார்கழி நடுவில் தேதி கொடுத்திருக்கிறார்கள். இந்தத் தடவை ஒரு சந்து விடாமல் அடைத்தாயிற்று. போன ஞாயிற்றுக்கிழமைதான் இவர் கூரையில் ஏறி எல்லாவற்றையும் மறுபடி பார்த்துவிட்டு இறங்கினார்.

கண்ணைக் கசக்குகிறீர்களே. அடுப்பு லேசாகத்தான் கனல்கிறது, வெந்நீருக்கு. முக்காலி வேண்டாம் என்றால் பாய் போடுகிறேன், தரையில் உட்கார்ந்தால் அவ்வளவாக எரியாது. நாங்கள் எல்லாரும் தரைதான். எழுந்து நடந்தால் குனிந்து நடப்போம். பழகிவிடும்.

நீங்கள் வாசலில் சொன்னது கேட்டது. போன பனிக்காலத்தில் இந்த மலையில் தவறிப்போன கைக்குழந்தைகளை ஒவ்வொன்றாக விசாரித்து எழுதுகிறோம் என்றீர்கள். அடுத்த வாசலில் லீலாக்கா நின்றார், பார்த்தீர்களா? தலையில் துண்டு கட்டிக்கொண்டு. அவருக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

முன்பே ஒருவர் வந்து எழுதிக்கொண்டு போனார் அக்கா. நின்றபடியே எழுதினார். "மூச்சுத் திணறல்" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். எப்படித் திணறியது, எப்போது திணறியது, ஒன்றும் கேட்கவில்லை. நீங்கள்தான் "என்ன நடந்ததுன்னு சொல்லும்மா" என்று கேட்டீர்கள். நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. அஞ்சாவதோடு நிறுத்திவிட்டார்கள். நாலு பேர் கூடினால் சுவரோடு ஒட்டிக்கொள்வேன். ஆனால் கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன்.

சுருக்கமாகச் சொன்னால் நான்தான் காரணம். ஜன்னலைத் திறந்தேன். ஐம்பத்தொரு நாள் பிள்ளை, வெளியே புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கிறது, நான் ஜன்னலைத் திறந்தேன். எழுதிக்கொள்ளுங்கள்.

ஏன் எழுதவில்லை? முழுவதும் கேட்ட பிறகா? சரி.

உங்கள் தாளில் "நிரோஷா குழந்தை" என்று போட்டிருக்கிறது இல்லையா. நிரோஷா நான்தான். அவளுக்குப் பெயர் பதியவில்லை. தை பிறந்ததும் கோயிலில் வைத்துப் பெயர் வைக்கலாம் என்று இருந்தோம். நானும் இவரும் ஒரு பெயர் நினைத்து வைத்திருந்தோம். அதை இப்போது சொல்லவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அவள் பிறப்பதற்கு இரண்டு வாரம் முன்பு எஸ்டேட் ஆபீசில் கூட்டம் போட்டார்கள். டவுனிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்திருந்தார், சின்ன வயசு. படம் எல்லாம் காட்டினார். "இந்தப் பள்ளத்துல பனிக்காலத்துல காத்து மேல ஏறாதும்மா. நீங்க எரிக்கிற விறகுப் புகை காலையில பத்து மணி வரைக்கும் இங்கேயே மூடி நிக்குது. அதைத்தான் உங்க பிள்ளைங்க இழுக்குது" என்றார். உண்மைதான். கார்த்திகையிலிருந்து மாசி வரைக்கும் மேல் ரோட்டில் நின்று பார்த்தால் எங்கள் எட்டு லைன் வீடுகளும் தெரியாது. போர்வை போர்த்தின மாதிரி இருக்கும். காய்ந்த விறகை எரியுங்கள் என்றார், குழாயைச் சுத்தமாக வையுங்கள் என்றார், இன்னும் நிறையச் சொன்னார். எனக்கு இடுப்பு வலி. பாதிதான் மனதில் நின்றது.

அப்புறம் வெல்பேர் ஐயா எழுந்தார். எங்கள் எஸ்டேட்டில் லைன் வீடுகளைப் பார்த்துக்கொள்கிறவர். அவர் சொன்னது முழுவதும் நினைவிருக்கிறது, ஏனென்றால் அது சின்னது. "மார்கழி பிறக்கிறதுக்கு முன்னாடியே ஆரம்பிக்கிறோம். பொங்கல் வரைக்கும் தினம் காலையில ஆறரைக்கு நான் மேல் ரோட்டு வளைவுல நின்னு பாப்பேன். எந்த லைன்ல எத்தனை வீட்டுக் கூரையில புகை தெரியுதுன்னு எழுதுவேன். எந்த லைன்ல கம்மியோ அந்த லைனுக்கு, வீட்டுக்கு ஒரு குக்கர். லைன் வாசல்ல போர்டும் வைப்போம்."

லீலாக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டார். "சார், பேக்டரி புகைக்கூண்டுல ராவும் பகலும் ஊதுதே, அதையும் எண்ணுவீங்களா?"

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். ஐயாவும் சிரித்தார். "அது தேயிலை காயிற புகைம்மா. அது நின்னா நம்ம அடுப்பும் நின்னுரும்."

எனக்கும் ஒன்று கேட்க வேண்டும் போல இருந்தது. கேஸில் சோறு ஆக்கலாம், சரி. குளிருக்கு என்ன செய்வது? கேஸ் அடுப்பைப் பற்ற வைத்து எவ்வளவு நேரம் முன்னால் உட்கார்ந்திருக்க முடியும்? பிறக்கப்போகிற பிள்ளையை எதில் காய வைப்பது? இதைக் கேட்க வாய் வரைக்கும் வந்தது அக்கா. இரண்டு தடவை முந்தானையைச் சரி பண்ணிக்கொண்டேன். அதற்குள் டீ கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

எங்கள் ஐந்தாம் லைனுக்கு வெளியே ஒரு பெயர் உண்டு. கரிச்சட்டி லைன். விறகு ஷெட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் கவாத்து வெட்டின தேயிலைக் குச்சி எங்களுக்குத்தான் முதலில் கிடைக்கும். மிலாறு என்போம் அதை. பச்சையாக இருந்தால் எரியாது, புகையும். எங்கள் சுவரும் கருப்பு, சேலையும் கருப்பு. மற்ற லைன் பெண்கள் தண்ணீர்க் குழாயடியில் மூக்கைப் பிடித்துக்காட்டுவார்கள். அது லீலாக்காவுக்கு ஆறாத புண். கூட்டம் முடிந்து வரும்போதே, "இந்த வருசம் அவளுக வாயில மண்ணள்ளிப் போடணும்டி" என்றார்.

எப்படிப் போடுவது? எங்களில் நாலு வீட்டில்தான் கேஸ் இருக்கிறது. அதுவும் சிலிண்டர் தீர்ந்தால் டவுனிலிருந்து மேலே வர ஒரு மாதம் ஆகும். கணப்பு இல்லாமல் இந்தக் குளிரில் யாரால் முடியும்? பக்கெட் தண்ணீர் விடியும்போது மேலே ஐஸ் ஏடு கட்டியிருக்கும்.

லீலாக்காதான் வழி சொன்னார். "ஐயா எதை எண்ணுறாரு? கூரையில தெரியுற புகையை. அப்போ தெரியக் கூடாது. அம்புட்டுத்தானே?"

எங்கள் லைனில் பத்து வீட்டுக்கும் ஒரே தகரக் கூரை, வீட்டுக்கு ஒரு புகைக்குழாய். இவர் பேக்டரி அடுப்பில் விறகு தள்ளுகிறவர், ஏறி இறங்கத் தயங்க மாட்டார். "ரூபன் தம்பி, நீதான் ஏறணும்" என்று எல்லாரும் கேட்டார்கள். தேயிலை மூட்டைக்கு உள்ளே வருமே பிளாஸ்டிக், அதில் பழையதை எடுத்து வந்தார். களிமண் குழைத்தார். சுவருக்கும் தகரத்துக்கும் நடுவில் இருந்த சந்தில் சாக்கைத் திணித்து மண் பூசினார். பத்துக் குழாய் வாயிலும் டின்னைக் கவிழ்த்து மேலே கல் வைத்தார். முதலில் எங்கள் வீடு. "பாப்பா வரப்போகுதுல்ல, நம்ம வீட்டுக்கு ரெண்டு பூச்சு" என்று மேலே இருந்து கத்தினார். நான் கீழே மண் சட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வயிற்றைத் தூக்கிக்கொண்டு அண்ணாந்து பார்த்தால் தலை சுற்றும், ஆனாலும் பார்த்தேன். அழகாகப் பூசினார்.

அக்கா, அந்த முதல் நாளை என்னவென்று சொல்ல! சூடு எங்கேயும் போகவில்லை. அடுப்பு அணைந்த பிறகும் சுவர் வெதுவெதுப்பாக இருந்தது. இத்தனை வருஷம் சூட்டையெல்லாம் குழாய் வழியாக வானத்துக்கு விட்டுக்கொண்டு இருந்தோமே என்று சிரித்தோம். விறகும் பாதிதான் செலவானது. புகை உள்ளேதான் நின்றது, அது வாஸ்தவம். ஆனால் மேலேதான் நிற்கும். விட்டத்திலிருந்து தோள் வரைக்கும். அதற்குக் கீழே தெளிவாக இருக்கும். அதனால்தான் குனிந்து நடக்கப் பழகினோம். ஜன்னல் சந்திலும் மைதாப் பசை காய்ச்சிப் பேப்பர் ஒட்டினேன். காலையில் ஆறரை மணிக்கு ஐயா வளைவில் வந்து நின்றால் எங்கள் கூரை குளித்து வைத்த மாதிரி சுத்தமாக இருக்கும்.

பாப்பா பிறந்து மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தாள். இரண்டு கிலோ நானூறு. சின்னதுதான், ஆனால் குரல் பெரியது. தரை சில்லிடும் என்று சேலையில் தொட்டில் கட்டினோம், விட்டத்திலிருந்து. சூடு மேலேதானே நிற்கும் என்று இவர் தொட்டிலை இன்னும் ஒரு முழம் தூக்கிக் கட்டினார். குனிந்து எடுக்காமல் நின்றபடியே எடுக்கலாம், எனக்கும் இடுப்புக்கு நல்லது. குளிப்பாட்டினதும் சாம்பிராணி காட்டுவோம். அது புகை இல்லையே அக்கா, மருந்துதானே.

இருபதாம் நாள் வாக்கில் இருமல் ஆரம்பித்தது. கைக்குழந்தை இருமினால் எப்படி இருக்கும் தெரியுமா? சத்தம் வராது. உடம்பு மட்டும் குலுங்கும். பால் குடிக்கும்போது விட்டுவிட்டு மூச்சு வாங்கினாள். விலா எலும்புக்கு நடுவில் குழி விழுந்தது. லீலாக்கா பார்த்துவிட்டு, "சளி கட்டியிருக்கு புள்ள, இன்னும் கொஞ்சம் காய வை" என்றார். காய வைத்தேன். அதிகமானது.

வெல்பேர் ஐயாதான் தன் ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நல்ல மனிதர், அதைச் சொல்லியாக வேண்டும். போகும் வழியெல்லாம் தன் சால்வையை பாப்பா மேல் போட்டிருந்தார். அங்கே டாக்டர் கேட்டார். "வீட்ல விறகு எரிக்கிறீங்களா?"

ஐயா பக்கத்திலேயே நிற்கிறார். லீலாக்கா புறப்படும்போதே காதில் சொல்லி அனுப்பியிருந்தார், யார் கேட்டாலும் என்ன சொல்ல வேண்டும் என்று. பத்து வீட்டு விஷயம் அக்கா. நான் ஒருத்தி சொல்லிக் கெடுக்க முடியுமா?

"இல்லைங்க" என்றேன்.

ஐயா முகம் மலர்ந்துவிட்டது. "இவங்க அஞ்சாம் லைனு டாக்டர். இப்போ அதுதான் முதல்ல நிக்குது. கூரையில ஒரு நூல் புகை கிடையாது" என்றார்.

டாக்டர் ஏதோ எழுதினார். பிள்ளையைக் குளிர் படாமல் வைத்துக்கொள்ளச் சொன்னார். அறைக்குள் நல்ல காற்று வரட்டும் என்றும் சொன்னார். இரண்டும் ஒன்றாக எப்படி முடியும்? கேட்கவில்லை. குளிர் படாமல் என்பதைப் பிடித்துக்கொண்டேன்.

மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். இரண்டாம் நாளே இருமல் குறைந்துவிட்டது. மூன்றாம் நாள் தானாகக் கை காலை ஆட்டி விளையாடினாள். பெரிய ஜன்னல், காற்று அடித்துக்கொண்டே இருந்தது, எனக்குத்தான் நடுக்கம். அவள் நன்றாகத் தூங்கினாள். எடை கூட ஏறினது என்றார்கள். வீட்டுக்கு வந்தோம். வந்த மறுநாளே பழையபடி.

லீலாக்கா உடனே கண்டுபிடித்துவிட்டார். "அங்க நல்லா இருந்துச்சு, இங்க வந்தா வருது. அப்போ இந்த வீட்ல ஏதோ இருக்குடி. கண்ணுதான். மூணாம் லைன்காரிக கண்ணு." மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டார். நெடி வரவில்லை, பார்த்தாயா எவ்வளவு கண் என்றார். எனக்கு நெடி வந்தது. வரவில்லை என்று தலையை ஆட்டினேன்.

அப்புறம் அந்த நாள்.

பொங்கலுக்கு நாலு நாள் இருந்தது. இவருக்கு ஆறு மணி ஷிப்ட், போய்விட்டார். முந்தின நாள் தூறல் விழுந்து மிலாறு நனைந்திருந்தது, ஊதி ஊதிப் பற்ற வைத்தேன். எனக்கே தலை கனத்தது. தொட்டிலில் சத்தம் இல்லை. எடுத்துப் பார்த்தால் உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது. வாயைத் திறக்கிறாள், மூச்சு உள்ளே போகவில்லை. எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை அக்கா. யோசித்துச் செய்யவில்லை. பேப்பரைக் கிழித்து ஜன்னலைத் திறந்தேன். பிள்ளையை இப்படி, முகத்தை வெளியே காட்டிப் பிடித்தேன்.

பனி முகத்தில் அடித்தது. அவள் ஒரு இழுப்பு இழுத்தாள். நீளமாக. இன்னொன்று. உதடு கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்து, அப்புறம் சிவந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். வாயைச் சப்பினாள். ஜன்னல் ஓரத்திலேயே நின்று மார்பில் வைத்தேன். நாலு வாய் குடித்தாள். எண்ணினேன், நாலு.

அப்போதுதான் லீலாக்கா வெளியே இருந்து கத்தினார். "ஏய் நிரோசா! சாத்து புள்ள! உங்க ஜன்னல்லேருந்து கட்டுக் கட்டாப் போகுது! வளைவுல ஜீப்பு வந்துருச்சு!"

சாத்தினேன். உடனே சாத்தினேன். குளிர் உள்ளே வந்துவிட்டதே என்று இன்னும் இரண்டு கை மிலாறு வைத்தேன். அவளைக் கம்பளியில் சுற்றித் தொட்டிலில் போட்டேன்.

கால் மணி நேரம் இருக்கும். அவ்வளவுதான் ஆகியிருக்கும்.

தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன். செருப்பு போடவில்லை. ஐயா என்னைப் பார்த்து ஜீப்பைக் கீழே இறக்கினார். வளைவு தாண்டுவதற்குள் என் மடியில் கனம் மாறிவிட்டது. மற்றவர்களுக்குத் தெரியாது, தூக்கி வைத்திருப்பவளுக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. ஐயா ஹாரன் அடித்துக்கொண்டே போனார். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் நான் சொல்லவில்லை.

அவரும் அழுதார். அன்றைக்கு எங்கள் லைனை எண்ணவில்லையாம். துக்க வீடு என்று விட்டுவிட்டாராம். அதனால் எங்கள் ஜன்னல் புகை தாளில் ஏறவில்லை. ஐந்தாம் லைன்தான் ஜெயித்தது. வரும்போது போர்டைப் பார்த்திருப்பீர்கள், பச்சையில் எழுதியிருக்கும். எங்கள் குக்கர் அதோ, பெட்டியோடு இருக்கிறது. திங்கட்கிழமை மறுபடியும் எண்ண ஆரம்பிக்கிறார்.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாம் ஒன்றுதான் சொன்னார்கள். பச்சைப்பிள்ளையை உறைபனியில் காட்டிவிட்டாள். என் முகத்துக்கு நேரே சொல்லவில்லை, ஆனால் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சொன்னால் எனக்குக் கேட்காதா? இவர் குழி மூடிவிட்டு வந்து கை கழுவும்போது மட்டும் கேட்டார். "ஏன் நிரோ திறந்தே?" திட்டவில்லை. மெதுவாகத்தான் கேட்டார். பத்து மாதமாகிறது, அப்புறம் கேட்கவில்லை.

அவ்வளவுதான் அக்கா. எழுதிக்கொள்ளுங்கள். காரணம் என்று ஒரு இடம் இருக்குமே, அதில் என் பெயரைப் போட்டாலும் சரி.

என்ன கேட்டீர்கள்?

ஆமாம். அடுப்பு எரிந்தது. இல்லை என்று சொல்ல வேண்டும், ஆனால் உங்களிடம் வாய் வரவில்லை. எரிந்தது. நன்றாகவே புகைந்தது.

ஆமாம், ஜன்னல் திறந்திருந்தபோதுதான் குடித்தாள். நாலு வாய். முன்பே சொன்னேனே.

சாத்தின பிறகா? குடிக்கவில்லை. தொட்டிலில் போட்டுவிட்டேன்.

ஏன் அக்கா அதையே கேட்கிறீர்கள்? ஏன் கூரையைப் பார்க்கிறீர்கள்? பேனாவை மூடி வைத்துவிட்டீர்களே.

அந்த இடம்தான் எனக்கும் பிடிபடுவதில்லை. யாரிடமும் சொன்னதில்லை, உங்களிடம் சொல்கிறேன். பாத்திரம் கழுவும்போது, கொழுந்து கிள்ளும்போது, அந்த நாலு வாய் வந்து நிற்கும். பனிதான் கொன்றது என்றால் பனி உள்ளே வந்தபோது ஏன் கண்ணைத் திறந்தாள்? ஆஸ்பத்திரியில் அந்தக் காற்றில் எப்படித் தூங்கினாள்? ஏன் இங்கே வந்தால் மட்டும்... லீலாக்காவின் பேரனும் இப்போது மூச்சுக்கு வாயில் மருந்து அடித்துக்கொள்கிறான். ஏழாவது வீட்டு சரோஜாவுக்குப் படி ஏற முடியவில்லை. பனி அதிகம், அதுதான் லைன் முழுக்க இருமுகிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஆனால் பனி எல்லா லைனுக்கும்தானே விழுகிறது.

திறந்ததுதானே அக்கா தப்பு?

சொல்லாதீர்கள். கொஞ்சம் இருங்கள். உங்கள் முகத்தைப் பார்த்தாலே... கொஞ்சம் இருங்கள். இந்தக் கதவைத் திறந்துவிடுகிறேன்.

சங்கு ஊதுகிறது, கேட்கிறதா? ஷிப்ட் விட்டாயிற்று. கால் மணியில் இவர் வந்துவிடுவார். வரட்டும். அவரையும் வைத்துக்கொண்டு சொல்லுங்கள், தனியாகக் கேட்க எனக்குத் தெம்பு இல்லை.

இல்லை. இல்லை அக்கா, அவர் வேண்டாம்.

குழாயில் டின்னைக் கவிழ்த்தது அவர் கை. நம் வீட்டுக்கு இரண்டு பூச்சு என்று பூசினதும், தொட்டிலை ஒரு முழம் தூக்கிக் கட்டினதும் அவர்தான். என்னை ஒரு தடவைதான் கேட்டார், அதை நான் இத்தனை நாள் தாங்கிவிட்டேன். தன்னைத்தானே கேட்க ஆரம்பித்தால் அந்த மனிதர் தாங்க மாட்டார். பேக்டரியில் தீக்கு முன்னால் நிற்கிற வேலை அக்கா.

தாளில் நீங்கள் எதை எழுத வேண்டுமோ அதை எழுதுங்கள். மற்ற ஒன்பது வீட்டுக்கும் இப்போதே போய்ச் சொல்லுங்கள், முதலில் லீலாக்காவிடம். பேரனைச் சொல்லிச் சொல்லுங்கள், கேட்பார். என் பாப்பாவை இழுக்காதீர்கள். ஐயாவிடமும் நீங்கள்தான் சொல்ல வேண்டும், எனக்கு அவர் முன்னால் பேச வராது. ஆனால் இந்த வீட்டில் நான் ஜன்னலைத் திறந்ததாகவே இருக்கட்டும்.

எங்கள் கூரையை நான் பார்த்துக்கொள்கிறேன். மேலே எலி செத்துக் கிடக்கிறது, நாற்றம் தாங்கவில்லை என்று சொல்கிறேன். மாசமாக இருக்கிறவள் வாந்தி எடுத்தால் பொறுக்க மாட்டார். வெளிச்சம் இருக்கும்போதே ஏறி எல்லாவற்றையும் பிரித்துப்போட்டுவிடுவார்.